பின் அறைக்கு எத்தனை பாயின்ட்

இறைவன் துணை

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிடுவது நம் வீட்டில் மட்டும்தான் நடக்கும். மாற்ற முடியவில்லை.

இன்று காலை பத்து மணிக்குக் கட்டுகிற வீட்டில் கூடியவர்கள்: உன் அண்ணன், நான், மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன், அவரோடு சேர்ந்து வேலை பார்க்கும் அவருடைய மனைவி, பிறகு யாரும் கூப்பிடாமலே வந்து நின்ற எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். ஆக ஆறு பேர். ஏழாவதாக வந்திருக்க வேண்டியவள் நீ.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று உயிரை வாங்குகிறார். நீயோ "டூட்டி இருக்கு அண்ணி, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். முப்பத்தெட்டு வருஷமாக நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த டூட்டிதான் நின்றுகொண்டிருக்கிறது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். படமும் போட்டுக் காட்டலாம். வீட்டுப் படம் ஒன்று வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீட்டை இடித்த அதே மனையில் சுவர் எழும்பி மேல்தளமும் போட்டாகிவிட்டது. அடுத்தது பூச்சு. பூசுவதற்கு முன்னால் சுவரில் காடி வெட்டி, குழாய் பதித்து, சுவிட்ச் பெட்டி, பிளக் பெட்டி எல்லாம் வைத்துவிட வேண்டும். பூசிய பிறகு "இங்க ஒரு பிளக் இருந்தா தேவலையே" என்று தோன்றினால் சுவரை உடைக்கத்தான் வேண்டும். "இப்ப யோசிச்சா பென்சில் போதும்மா. அப்புறமா யோசிச்சா உளி எடுக்கணும்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் பழைய புத்தகக் கடையில் வயரிங் பற்றி அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். புரியாததை மூன்றாவது தடவை படித்தேன். பிறகு அறைக்கு ஒரு பக்கமாக நோட்டுப் போட்டேன். காலையில் கண் விழிப்பதிலிருந்து யார் எங்கே நிற்பார்கள், கை தானாக எந்தப் பக்கம் போகும் என்று எழுதிக்கொண்டேன். இன்று அந்தச் செங்கல் சுவருக்கு நடுவில் நின்று, இல்லாத அடுப்பைப் பற்றவைத்து, இல்லாத மிக்ஸியை ஓட்டிக் காட்டினேன். வாத்தியார் சிரித்துவிட்டார். எலெக்ட்ரீஷியன் மனைவி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "மிக்ஸி இந்தப் பக்கம் வேணாம்க்கா. மூடிய அழுத்திப் பிடிக்கிற கை எது? அதுக்கு எதிர்ப்பக்கம் பிளக் வைங்க. ஒயர் குறுக்க வராது" என்றாள். அவள் சொன்ன இடத்தில்தான் வைத்தோம்.

சாமி மூலைக்கு வண்ண விளக்கு ஒன்று மாட்டலாம் என்றார் எலெக்ட்ரீஷியன். "சாமிக்கு என்னைப் பாக்க வெளிச்சம் வேணாம். எனக்குத்தான் சாமியப் பாக்க வேணும், அதுக்கு ஹால் விளக்கு போதும்" என்று சொல்லிவிட்டேன். மகள் மாடி அறைக்கு ஒன்பது பிளக் கேட்டு எழுதியிருக்கிறாள். "இது வீடா, செல்போன் கடையா?" என்கிறார் உன் அண்ணன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் கடிகாரத்துக்கு மேலே ஒரு விளக்கு. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த பழக்கம் ரிட்டயர் ஆகியும் போகவில்லை. மேஸ்திரி வருகிற நேரம், போகிற நேரம் எல்லாம் சட்டைப் பையில் ஒரு சீட்டில் இருக்கிறது.

விளக்கு, பேன், பிளக் எல்லாம் சேர்த்து இதுவரை அறுபத்து மூன்று பாயின்ட் வந்திருக்கிறது. ஓர் அறைக்கு மட்டும் பக்கம் காலியாக இருக்கிறது. கீழே பின் அறை.

அது உன் அறை பாப்பா. ஜூனில் நீ ரிட்டயர் ஆனதும் இங்கே எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேர் ஆசையும். உன்னைக் கேட்காமல் ஆசைப்பட்டுவிட்டோம். கட்டில் எங்கே வர வேண்டும், மேஜை எங்கே, படிக்க விளக்கு எந்தப் பக்கம், பேன் எங்கே, மொத்தம் எத்தனை பாயின்ட்? மற்ற எல்லாருக்கும் நானே ஊகித்து எழுதினேன். உனக்கு ஊகித்து எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் தேதி பூச்சு ஆரம்பம். எழுது.

உன் அண்ணி

பி.கு.: கீழே ஒரு வரி தானும் எழுத வேண்டும் என்கிறார் உன் அண்ணன். இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.


மார்ச் 8

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கடிதமும் படமும் கிடைத்தன. படத்தை வார்டு மேஜையில் வைத்திருந்தேன். புதிதாக வந்திருக்கிற டாக்டர் அதை ஏதோ ஒரு நோயாளியின் இசிஜி என்று எடுத்து வைத்துக்கொண்டு, "சிஸ்டர், இது யாருக்கு? உடனே ஐசியூவுக்கு மாத்துங்க" என்றார். வீடு நன்றாகவே வரும் என்று நினைக்கிறேன்.

பின் அறைக்கு எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். இங்கே ஓய்வுபெற்ற நர்ஸுகள் தங்குவதற்கு ஓர் இல்லம் இருக்கிறது. பெயர் கொடுத்துவிட்டேன். மாடியில் ஓர் அறை காலியாகிறதாம். ஏப்ரல் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் அண்ணனைப் பார்க்க வந்து போகலாம், அதற்கு ஒன்றும் தடை இல்லை.

அந்த அறையைச் சாமான் அறையாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பும் அது சாமான் அறையாக இருந்ததுதானே. ஒரு விளக்கு, ஒரு பேன் போதும். சுவிட்சை எப்போதும்போல வெளியே வைத்துவிடுங்கள். உங்களுக்கும் வசதி.

அண்ணனை பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


இறைவன் துணை

மார்ச் 13, வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன், கடைசிக்கு முந்தின பத்தியை விட்டுவிட்டு. இசிஜிக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு "இல்லமா? எதுக்கு இல்லம்? நமக்கு என்ன வீடு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்தார்.

அதே புதன்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். கட்டடத்துக்குப் போனால், எலெக்ட்ரீஷியன் எல்லா அறைக்கும் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே பின் அறை வரைக்கும் வந்திருக்கிறார். அந்த அறைக்குச் சுவிட்ச் பெட்டியை எங்கே வரைந்திருக்கிறார் தெரியுமா? வெளியே. நடையில். பழைய வீட்டில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில். அந்த மனுஷன் பழைய வீட்டைப் பார்த்ததே இல்லை.

"ஏங்க வெளிய போட்டீங்க?" என்றேன்.

"கதவு தொறக்கிற பக்கம் அய்யாவோட அலமாரி வருது. கீல் பக்கம் போட்டா கதவு மறைக்கும். சுவிட்ச் வேணும்னா கதவ மூடிட்டுத்தான் தேடணும். அதான் வெளிய. ஒண்ணும் தப்பில்லம்மா, சின்ன அறைக்கெல்லாம் அப்படித்தான் போடுவாங்க."

நான் முந்தானையால் அந்தச் சாக்கட்டிக் கோட்டை அழித்தேன். அழிக்க அழிக்கச் செங்கல் தூள்தான் ஒட்டியது, கோடு போகவில்லை. எலெக்ட்ரீஷியன் மனைவி ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கழுவிவிட்டேன்.

சாயங்காலம் உன் அண்ணனிடம், "உங்க அலமாரி ஒரு சாண் குறையணும்" என்றேன்.

"என் டிப்போ பைலெல்லாம் எங்க வைக்கிறது?"

"டிப்போவே அந்தப் பைல வேணாம்னுதானே உங்ககிட்ட குடுத்துச்சு."

பிறகு அவரே டேப்பை எடுத்துப் போய் ஒரு சாண் அல்ல, ஒன்றரைச் சாண் குறித்துவிட்டு வந்தார். இப்போது சுவிட்ச் உள்ளே வருகிறது. கதவைத் திறந்ததும் வலது கை தானாகப் போகிற இடம்.

பின் அறையைக் கடைசியில் பூசச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டேன். "எல்லாரும் முன் ரூம்தான் கடைசியா வேணும்பாங்க, நீங்க என்னம்மா பின் ரூம்ங்கறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இன்னும் மூன்று வாரம், கூடினால் நான்கு வாரம் கிடைக்கும்.

'உங்களுக்கும் வசதி' என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அலமாரியைப் பற்றியே இவ்வளவும் எழுதிவிட்டேன். இன்று இவ்வளவுதான் முடிகிறது.

உன் அண்ணி


மார்ச் 15, ஞாயிறு

பாப்பா,

முந்தின கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் இதை எழுதுகிறேன்.

வீடு மாறும்போது கட்டி வைத்த பெட்டியில் ஒரு நீல நோட்டு இருந்தது. நேற்று எடுத்தேன். பழைய வீட்டில் தினமும் காலையில் கரண்ட் மீட்டரைப் பார்த்து நான் எழுதிவந்த கணக்கு. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. உன் அம்மா தவறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டுச் சாவி என் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டை நடத்த எனக்குத் தெரியும் என்று யாருக்கோ காட்டியாக வேண்டும் என்று ஒரு வேகம். யாருக்கு என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவே இல்லை.

அந்த நோட்டில் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். "பின் அறை விளக்கு பத்து மணிக்கு அணைத்தேன். மிச்சம் கால் யூனிட்." மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். நேற்று உட்கார்ந்து எண்ணினேன். நூற்று எண்பத்தாறு நாள்.

சாமான் அறையாக இருந்ததால் சுவிட்ச் வெளியே இருந்தது. நீ உள்ளே கையில் புத்தகத்தோடு இருப்பாய். கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். நான் நடையில் போகிறபோது தட்டிவிட்டுப் போவேன். உள்ளே வந்து 'நேரமாச்சு, படும்மா' என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. ஒரு நாள் நீ உள்ளேயிருந்து "அண்ணி" என்று கூப்பிட்டாய். ஒரே ஒரு தடவை. காதில் விழுந்தது. விழாதது போல வந்துவிட்டேன். இதை மட்டும் அந்த நோட்டில் எழுதவில்லை.

அந்த வருஷம் நீ பரீட்சையில் தவறினாய். காலேஜை விட்டுவிட்டு நர்ஸ் படிப்புக்கு என்று அவ்வளவு தூரம் போனாய். பிறகு வரவே இல்லை. வந்தாலும் இரண்டு நாள்.

நூற்று எண்பத்தாறு நாளுக்கு நாற்பத்தாறரை யூனிட் வருகிறது. அவ்வளவுதான் நான் மிச்சம் பிடித்தது. அதற்காகப் படிக்கிற பிள்ளையின் வெளிச்சத்தைப் பிடுங்கினேன்.

தினமும் காலையில் சாமி முன்னால் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். பல வருஷமாகிறது. அவர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. நான் அணைத்தது அவர் அறை விளக்கையா? உன்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்.

பாப்பா, தப்பு என்னுடையது. நீ வந்தாலும் வராவிட்டாலும் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். பின் அறையின் பக்கத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. பின்னால் எழுதியதை முன்னால் பிரித்துவிட்டேன். நாலு நாளாகப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

நீங்கள் ஒன்றைத் தப்பாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். நான் படிக்கவில்லை அண்ணி.

அம்மா இருந்தவரை அம்மாவின் பக்கத்தில்தான் படுத்துக்கொள்வேன். அம்மா போன பிறகுதான் எனக்கு அந்த அறை. இருட்டானால் அம்மா கடைசி நாட்களில் மூச்சு வாங்கிய சத்தம் கேட்கும். எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடும், படுத்தால் மறுபடி கேட்கும். விளக்கு எரிந்தால் கேட்காது. அதனால் விளக்கைப் போட்டுக்கொண்டு மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன். யாராவது கேட்டால் படிக்கிறேன் என்று சொல்ல. அந்த வருஷம் முழுக்க விரித்திருந்தது ஒரே பக்கம்தான். பரீட்சையில் தவறாமல் என்ன செய்வேன்? உங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பத்தொன்பது வயதில் இருட்டைக் கண்டால் பயம் என்று யாரிடம் சொல்வது? அண்ணன் சிரித்திருப்பான். நீங்கள் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. உங்களைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் பயம். சாவிக்கொத்தும் நோட்டுமாக நடப்பீர்கள்.

நர்ஸ் படிப்புக்கு வந்ததற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது பார்த்தேன், வார்டில் விளக்கை அணைக்கவே மாட்டார்கள். இங்கே எல்லாரும் நைட் டூட்டி வேண்டாம் என்று சண்டை போடுவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். போன வருஷம் விழா எடுத்து 'தன்னலமற்ற சேவை' என்று ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இன்று வரைக்கும் என் அறையில் விளக்கு எரிந்தால்தான் தூக்கம். மேட்ரனாகி என்ன, நூறு பேர் சாவைப் பார்த்து என்ன? இது போகவில்லை.

அந்த இல்லத்தில் ஒரு விதிமுறைத் தாள் கொடுத்தார்கள். ஏழாவது விதி: இரவு பத்து மணிக்கு விளக்குகள் அணைக்கப்படும். ஓர் அறையில் இரண்டு பேர் என்பதால் அப்படியாம். அதைப் படித்துவிட்டுத்தான் பெயர் கொடுத்தேன். பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று ஒரு நாள் உங்களைக் கூப்பிட்டது, விளக்கைப் போடச் சொல்வதற்காக இல்லை. வெளியே ஆள் இருக்கிறதா என்று பார்க்கத்தான். நீங்கள் பதில் சொல்லவில்லை. ஆனால் காலடிச் சத்தம் கேட்டது. நடை முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். நிறைய வருஷம் இருந்தது. இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

பாயின்ட் பற்றி இன்றைக்கு எழுதவில்லை. அண்ணனிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

பாப்பா


இறைவன் துணை

மார்ச் 27, வெள்ளி

என் அன்பான பாப்பாவுக்கு,

உன் அண்ணனிடம் சொல்லவில்லை. "பாப்பா அறையில ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரியணும்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்பார், பதில் யோசித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. "கரண்ட் போச்சுன்னா?" என்றார். அவ்வளவுதான். உனக்கு அவர் சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது. எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இன்று காலை கட்டடத்தில் இருந்தவர்கள் எலெக்ட்ரீஷியன், அவர் மனைவி, நான். உன் அண்ணன் வாசலில் மணல் லாரிக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சின்ன விளக்கு ஒன்று சுவருக்குள்ளேயே பதிக்கலாமாம். ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பாய். கண்ணில் அடிக்காது, எழுந்தால் கால் வைக்கிற இடம் தெரியும். இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் எரியும். இதெல்லாம் புத்தகத்தில் எழுபதாம் பக்கத்தில் இருக்கிறது. கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வெளிச்சம் விழுகிற மாதிரி இடம் பார்த்துக் குறித்தேன். எலெக்ட்ரீஷியன் கோடு போட்டுவிட்டு நின்றார்.

"இதுக்கு சுவிட்ச் எங்கம்மா?"

"சுவிட்ச் கிடையாது."

"கிடையாதா?"

"நேரா லைன்லேர்ந்து குடுங்க. அது பாட்டுக்கு எரியட்டும்."

"இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், சுவிட்ச் இல்லாத லைட்டு போட்டதில்ல. கோயில்லயே சுவிட்ச் இருக்கும்மா."

"இது அதுக்கும் மேல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். இதற்கு அவர் மன்னித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

அவர் மனைவி ஏணியிலிருந்து, "ஏன்யா தொணதொணங்கற? யாரும் அணைக்கக் கூடாதுன்னு அக்கா நெனைக்கிறாங்க. உனக்கென்ன, கைய வலிக்குதா? குழாய நீட்டு" என்றாள்.

ஆக பின் அறையின் பக்கத்தில் முதல் வரி எழுதியாகிவிட்டது: இரவு விளக்கு ஒன்று, சுவிட்ச் இல்லை. அதை யாரும் அணைக்க முடியாது. நானும் முடியாது. நீ இல்லத்துக்கே போனாலும் அது இங்கே எரிந்துகொண்டுதான் இருக்கும். மீட்டர் ஓடட்டும். நான் அதைக் கணக்கு எழுதப் போவதில்லை.

உன்னை வா என்று வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் நீ அந்த அறைக்குள் பயந்துகொண்டு படுத்திருக்க, நான் விளக்கை அணைத்துவிட்டு நடையில் கடந்துபோனேன் என்பதை நினைத்தால் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணிக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. இதை மேட்ரனாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை எங்கள் வார்டு ஆயாவிடம் படித்துக் காட்டினேன், விளக்கைப் பற்றி எழுதியதை மட்டும். "சுவிட்ச் இல்லாத லைட்டா? பல்பு மாத்தும்போது ஷாக் அடிச்சா யார் பாக்கறது? நீங்கதான் பாக்கணும் சிஸ்டர்" என்றாள். அவள் சொல்வது சரிதானே.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். பின் அறை:

மேலே விளக்கு ஒன்று. பேன் ஒன்று. மேஜை விளக்குக்கு ஒரு பிளக், அதன் பக்கத்தில் இன்னொன்று. ரேடியோ கேட்பேன். கட்டில் ஓரம் கொசு விரட்டிக்கு ஒரு பிளக். செல்போன் தலைக்குப் பக்கத்தில் வேண்டாம், மேஜைப் பக்கமே போதும். எக்ஸாஸ்ட் பேன் தேவையில்லை, ஜன்னல் இருக்கிறது.

இரவு விளக்குக்குச் சுவிட்ச் போடுங்கள். ஒன்று இல்லை, இரண்டு. எந்தப் பக்கத்திலிருந்தும் போடவும் அணைக்கவும் முடிகிற மாதிரி இரண்டு சுவிட்ச் வைப்பார்களே, மாடிப்படிக்கு வைப்பது போல. உங்கள் புத்தகத்தில் இருக்கும். ஒன்று என் கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடியே கை எட்டுகிற உயரத்தில். இன்னொன்று வெளியே, நடையில், பழைய இடத்தில். சாக்கட்டிக் கோட்டை அழித்துவிட்டீர்கள். மறுபடி போடச் சொல்லுங்கள்.

வயதாகிவிட்டது. இப்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிவிடுகிறேன். காலையில் மூக்கில் அச்சு இருக்கிறது. பத்து மணிக்கு நீங்கள் அந்த வழியாக வரும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். கதவைத் தாழ்ப்பாள் போட மாட்டேன். தூங்கியிருந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வெளியே போய் விளக்கை அணையுங்கள். அணைத்ததும் போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒருவேளை நான் "அண்ணி" என்று கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லுங்கள். அது போதும். எரிய வேண்டும் என்றால் என் பக்கத்துச் சுவிட்சை நானே போட்டுக்கொள்வேன்.

முப்பத்தெட்டு வருஷமாக இருட்டில் தூங்கிப் பார்க்கவில்லை. ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கலாம் என்று இருக்கிறது. எங்கே செய்வது என்று யோசித்தால் வேறு இடம் தோன்றவில்லை.

இல்லத்தில் மாடி அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
பாப்பா

பி.கு.: அண்ணனுக்கு ஒரு வரி எழுத இடம் கொடுங்கள்.


இறைவன் துணை

ஏப்ரல் 5, ஞாயிறு

என் பாப்பாவுக்கு,

கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. அதைப் படித்துவிட்டு உடனே சாப்பிட்டேன், மேட்ரனுக்குப் பயந்து.

அப்போதே கட்டடத்துக்குப் போனேன். இருந்தவர்கள்: உன் அண்ணன், எலெக்ட்ரீஷியன், அவர் மனைவி, மேஸ்திரி, நான். வாத்தியார் இல்லை, நல்லவேளை. மூன்று வரிதான் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதல்ல வெளிய போட்டேன், அழிச்சீங்க. அப்புறம் சுவிட்சே வேணாம்னீங்க. இப்ப ரெண்டா! அதுல ஒண்ணு நான் போட்ட அதே எடத்துல!" அவர் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வர்றாங்களாக்கா?" என்றாள். தலையை ஆட்டினேன்.

பூச்சு முடிந்த பிறகுதான் சுவிட்ச் மாட்டுவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தற்காலிகமாக இரண்டு சுவிட்சையும் ஒரு பல்பையும் மாட்டிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். ஜன்னலைச் சாக்கால் மறைத்தார்கள். எலெக்ட்ரீஷியன் மனைவி உள்ளே கட்டில் வரப்போகிற இடத்தில் தரையில் படுத்துக்கொண்டாள், சிமென்ட் தூசியிலேயே. நான் நடையில் நின்று அணைத்தேன். அணைத்துவிட்டு நின்றேன். உள்ளேயிருந்து அவள் பாட்டுக்கு "அக்கா!" என்றாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இருக்கேன்" என்றேன். குரல் சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். நீ வருவதற்குள் நன்றாக வந்துவிடும்.

அவள் உள்ளே இருக்கிற சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

உன் அறையின் ஆறையும் சேர்த்து இப்போது மொத்தம் அறுபத்தொன்பது பாயின்ட். காலிப் பக்கம் எதுவும் இல்லை. நீல நோட்டை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன். நீ வந்ததும் உன் கையில் கொடுத்துவிடுகிறேன், உனக்குத் தோன்றியதைச் செய்.

கீழே உன் அண்ணன் எழுதுகிறார்:

பாப்பா, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே எழுது. நான் ஸ்டேஷனில் இருப்பேன். அலமாரி சின்னதாகிவிட்டது, பரவாயில்லை. — அண்ணன்

மறுபடி நான்தான். ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. கட்டிலுக்குத் தலைமாடு எந்தப் பக்கம் வேண்டும், ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா? அது தெரிந்தால்தான் உள் சுவிட்ச் பெட்டியைப் பதிக்க முடியும். பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை பின் அறையைப் பூசுகிறார்கள். அதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

உன் அண்ணி